ஐம்பது சதுரக் கிலோமீட்டருக்கு ஒருவர்: நுனவுட்டின் மக்கள்தொகையைப் புரிந்துகொள்ள

கனடாவின் வடகோடியில், நுனவுட் பகுதியைச் சேர்ந்த எல்ஸ்மியர் தீவின் தென்கரையில், கிரைஸ் ஃபியோர்ட் என்றொரு ஊர் இருக்கிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சின்னக் கரைத்துண்டு. அதில் கொஞ்சம் வீடுகள், ஒரு பள்ளி, ஒரு கூட்டுறவுக் கடை, ஒரு சுகாதார நிலையம், சிறிய விமானங்கள் மட்டுமே இறங்கக்கூடிய ஓர் ஓடுதளம். குளிர்காலத்தில் மறையும் சூரியன் பிப்ரவரியில்தான் மறுபடி தலைகாட்டும். வடக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் பேசும் இனுக்டிடூட் மொழியில் இந்த ஊருக்கு அவுயுயிட்டுக் என்று பெயர். பனி உருகாத இடம் என்று பொருள். 2016 கணக்கெடுப்பில் இங்கே 129 பேர் இருந்தார்கள். 2021இல் 144 பேர்.

இதைச் சதவீதமாக மாற்றினால் 11.6 வருகிறது. அதே ஐந்து ஆண்டுகளில் கனடா முழுவதும் வளர்ந்தது 5.2 சதவீதம்தான். அப்படியானால் கிரைஸ் ஃபியோர்ட் நாட்டைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வளர்கிறதா? எண்ணைக் கேட்டால் ஆம் என்று சொல்லும். ஆனால் கூடியவர்கள் மொத்தமே 15 பேர். ஒன்றிரண்டு குடும்பங்கள் வந்து, சில குழந்தைகள் பிறந்தால் போதும், அந்த 15 நிறைந்துவிடும். நாளைக்கே ஒரு பள்ளி ஆசிரியர் தம் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் தெற்கே விமானம் ஏறினால், ஊரின் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஒரே நாளில் குறைந்துவிடும்.

மக்கள்தொகை, அடர்த்தி, வளர்ச்சி விகிதம் என்ற சொற்களைப் பாடப் புத்தகத்திலேயே படித்துவிட்டோம். கோடிக்கணக்கில் மக்கள் வாழும் இடங்களில் அந்தச் சொற்கள் அலுங்காமல் நடக்கும், சந்தேகமே வராது. ஆட்கள் மிகக் குறைவாக உள்ள ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தால்தான், ஒவ்வொரு சொல்லும் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பது வெளியே தெரியும். அதற்கு நுனவுட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கனடாவில் பத்து மாகாணங்கள் உண்டு. அவை போக வடக்கே மூன்று ஆட்புலங்கள்: யூக்கான், வடமேற்கு ஆட்புலம், நுனவுட். நுனவுட் என்றால் இனுக்டிடூட்டில் எங்கள் நிலம் என்று அர்த்தம். 1999 ஏப்ரல் 1 அன்று வடமேற்கு ஆட்புலத்திலிருந்து பிரிந்து தனி ஆட்புலமானது. கனடாவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இதற்குள் அடங்கும். மக்களிலோ ஆயிரத்தில் ஒரு பங்குதான். 2021 கணக்கெடுப்பின்படி 36,858 பேர். அவர்களில் நூற்றுக்கு 85 பேர் வரை இனுயிட் மக்கள்.

முதலில் அடர்த்தியைப் பார்ப்போம். மக்கள்தொகையைப் பரப்பளவால் வகுத்தால் அடர்த்தி. நுனவுட்டின் நிலப்பரப்பு சுமார் 18,37,000 சதுரக் கிலோமீட்டர். வகுத்தால் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 0.02 பேர். இந்த எண் மனதில் ஒட்டாது, ஏனென்றால் ஐம்பதில் ஒரு பங்கு மனிதர் என்று யாரும் கிடையாது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஒருவருக்கு 50 சதுரக் கிலோமீட்டர். சதுரமாக வெட்டினால் ஒரு பக்கம் 7 கிலோமீட்டர். ஒவ்வொருவரையும் அவரவர் சதுரத்தின் நடுவில் நிறுத்தினால், பக்கத்து ஆளிடம் ஒரு வார்த்தை பேச ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும்.

ஆனால் அப்படி யாரும் நிற்கவில்லை. நுனவுட்டில் இருப்பவை மொத்தம் 25 ஊர்கள். அத்தனை பேரும், ஏறக்குறைய விதிவிலக்கே இல்லாமல், இந்த 25 புள்ளிகளுக்குள் வாழ்கிறார்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சாலை கிடையாது. விமானம் உண்டு. கோடையில் படகும் கப்பலும் போகும், குளிர்காலத்தில் உறைந்த கடல்மேல் ஸ்னோமொபைல் ஓடும். தலைநகரம் இக்காலுயிட்டில் 7,429 பேர். தென்மேற்கில் ரான்கின் இன்லெட்டில் 2,975, அதற்குக் கொஞ்சம் தெற்கே ஆர்வியட்டில் 2,864. இப்படியே இறங்கிக்கொண்டு வந்தால் கடைசியில் கிரைஸ் ஃபியோர்டின் 144. புள்ளிகளுக்கு வெளியே உள்ள நிலம் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உரியது. கரிபு மானும் சீல் என்ற கடல்நாயும் ஆர்க்டிக் சார் மீனும் தேடிப் போகும் பாதைகள் அதில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. மக்கள் அதை வெற்று நிலம் என்று நினைப்பதில்லை. ஆனால் அங்கே யாரும் குடியிருக்கவில்லை.

சரி, இவ்வளவு இடம் இருக்கிறதே, வீடுகள் விசாலமாக இருக்குமா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த அன்றுதான் அடர்த்தி என்ற எண்ணின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. நுனவுட்டில் வாழும் இனுயிட் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர், கனடாவின் அளவுகோலின்படி, நெரிசலான வீடுகளில் வாழ்கிறார்கள். நாட்டிலேயே ஆட்கள் மிகக் குறைவாக உள்ள நிலத்தில், நாட்டிலேயே மோசமான வீட்டு நெருக்கடி.

ஒரு வீட்டை மனதில் வரைந்து பாருங்கள். மூன்று படுக்கையறை. ஒரு அறையில் தாத்தா பாட்டி, கூடவே பள்ளிக்குப் போகும் பேத்தி. அடுத்ததில் மகளும் மருமகனும் கைக்குழந்தையும். மூன்றாவதில் வளர்ந்த பையன்கள் இரண்டு பேர். கூடத்துச் சோபாவில் இரவு ஒருவர் தூங்குகிறார். அவர் காலையில் எழுந்தால்தான் மற்றவர்கள் உட்கார இடம். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது டிகிரி, ஆகவே திண்ணை, முற்றம் என்று பரவ வழியில்லை. ஒருவருக்குக் காசநோய் வந்தால் அது வீடு முழுக்கச் சுற்றும். கனடாவில் பெரும்பாலான இடங்களில் அரிதாகிவிட்ட அந்த நோய் நுனவுட்டில் இன்னும் இருப்பதற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம்.

வீடு கட்டினால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் மரமும் ஆணியும் சிமெண்டும் தெற்கிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் வருவது கடல்பனி விலகும் கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் மட்டும். ஒரு பொருள் விட்டுப்போனால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும், அல்லது விமானத்துக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும். நிலம் ஆழம்வரை நிரந்தரமாக உறைந்து கிடப்பதால் வீட்டைத் தரையில் வைக்க முடியாது. வீட்டுச் சூடு இறங்கி மண் இளகினால் சுவர் சாய்ந்துவிடும். அதனால் தூண்கள் நட்டு, தரைக்கும் வீட்டுக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டுக் கட்டுகிறார்கள். பல ஊர்களில் தண்ணீர் லாரியில் வந்து தொட்டியில் நிரம்புகிறது, கழிவுநீரை இன்னொரு லாரி எடுத்துப் போகிறது. ஆக, ஒருவருக்கு 50 சதுரக் கிலோமீட்டர் என்ற சராசரி நிலத்தைப் பற்றி உண்மையைச் சொல்கிறது. வாழ்க்கையைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. அதற்கு ஒரு வீட்டுக்கு எத்தனை பேர், ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று கேட்க வேண்டும்.

அடுத்தது, எண்ணுவது. 36,858 என்று ஒற்றை இலக்கம் வரை துல்லியமாக ஒரு எண் இருக்கிறதே, யாரை எண்ணினார்கள்?

கணக்கெடுப்பில் இரண்டு வழிகள் உண்டு. அன்றைய நாளில் யார் எங்கே இருக்கிறாரோ அங்கேயே எண்ணுவது ஒன்று. வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது இன்னொன்று. கனடா இரண்டாவது வழியில் போகிறது. பெரிய நகரத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. நுனவுட்டில் அது கண்ணில் அறையும்.

சுரங்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கர் லேக் ஊருக்கு வடக்கே மெடோபேங்க், ரான்கின் இன்லெட்டுக்குப் பக்கத்தில் மெலியடைன், இரண்டும் தங்கச் சுரங்கங்கள். பாஃபின் தீவில் மேரி ரிவர் இரும்புச் சுரங்கம். அங்கே வேலை செய்பவர்களில் நிறையப் பேர் தெற்கிலிருந்து விமானத்தில் வந்து, சில வாரங்கள் முகாமில் தங்கி வேலை பார்த்துவிட்டு, மறுபடி விமானத்தில் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். நுனவுட்டின் தங்கத்தைத் தோண்டுகிறார்கள். கணக்கெடுப்பில் அவர்கள் கியூபெக்காரர்கள், ஒன்டாரியோக்காரர்கள். எந்த நாளிலும் நுனவுட்டில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையும் நுனவுட்டின் மக்கள்தொகையும் ஒன்றாக இருக்காது.

இதற்கு நேர் எதிரான திசையிலும் ஒரு போக்குவரத்து நடக்கிறது. சிறிய ஊர்களில் பிரசவம் பார்க்கும் வசதி இல்லை. ஆகவே கர்ப்பிணிகள் நாள் நெருங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே ஊரை விட்டுப் பறக்கிறார்கள். கிழக்கே பாஃபின் பக்கத்துப் பெண்கள் இக்காலுயிட்டுக்கோ நாட்டின் தலைநகரம் ஒட்டாவாவுக்கோ போவார்கள். ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையிலிருந்து மானிடோபா மாகாணத்தின் வின்னிபெக்குக்கு. இன்னும் மேற்கே உள்ளவர்கள் வடமேற்கு ஆட்புலத்தின் தலைநகரமான யெல்லோநைஃபுக்கு. மூத்த பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, தெரியாத ஊரில், விடுதி அறையில் வலி வரக் காத்திருப்பது எத்தனை தாய்களின் அனுபவம் என்று நினைத்தால் மனது கனக்கிறது. குழந்தை வின்னிபெக்கில் பிறக்கும். ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் பிறப்பு, தாய் வழக்கமாக வசிக்கும் இடத்துக்கு எழுதப்படுகிறது. ஆகவே அந்தப் பிள்ளை நுனவுட்டின் பிள்ளைதான். இப்படி ஒரு விதி இல்லையென்றால், சிறிய ஊர்களில் குழந்தையே பிறப்பதில்லை என்று புள்ளிவிவரம் சொல்லியிருக்கும்.

இங்கே எண்ணுவதற்கு ஒரு வலி மிகுந்த வரலாறும் உண்டு. இனுயிட் மக்களுக்கு முன்பு குடும்பப் பெயர் கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர். இறந்துபோன உறவினரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பார்கள். பெயரோடு அந்த உறவும் சேர்ந்து வருவதாக நம்பிக்கை. ஆண் பெயர், பெண் பெயர் என்ற பிரிவும் இல்லை. வெளியிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு இது பிடிபடவில்லை, எழுதவும் வரவில்லை. 1941 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டத் தகடு கொடுத்தார்கள். தோலிலோ அழுத்தி இறுக்கிய நாரிலோ செய்தது, கிட்டத்தட்ட ஒரு பெரிய நாணயத்தின் அளவு. அதில் கிழக்கு அல்லது மேற்கைக் குறிக்கும் ஓர் எழுத்து, அப்புறம் ஒரு எண். கழுத்தில் தொங்கவிடலாம், கோட்டில் தைத்துக்கொள்ளலாம். பள்ளியிலும் மருத்துவமனையிலும் அரசுத் தாளிலும் அந்த எண்தான் ஆள். 1960களின் கடைசியில் ஏப் ஒக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகப் போய், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, அவரவர் விரும்பிய குடும்பப் பெயரைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகுதான் தகடுகள் போயின. மக்கள்தொகை அட்டவணையைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகடு நினைவுக்கு வரும்.

இன்றைக்கு எண்ணும் முறை அந்த ஊர்களின் வாழ்க்கையை ஒட்டித் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. கனடாவில் கணக்கெடுப்பு நாள் மே மாதத்தில் வரும். ஆனால் மே மாதம் வடக்கில் நிலத்துக்குப் போகும் காலம். பகல் நீண்டுவிட்டது, பனி இன்னும் தாங்குகிறது. குடும்பங்கள் கூடாரத்தோடு வேட்டைக்கும் மீனுக்கும் கிளம்பிவிடும். அதனால் தொலைதூர வடக்கு ஊர்களில் குளிர்காலத்தின் பிற்பகுதியிலேயே, எல்லாரும் ஊரில் இருக்கும்போதே, கணக்கெடுப்பைத் தொடங்கிவிடுவது வழக்கம். தெற்கில் பெரும்பாலான வீடுகளுக்குச் சுருக்கமான படிவம்தான். இங்கே வீடு வீடாக ஆள் போய் நீண்ட படிவத்தையே கேட்டு நிரப்புகிறார்கள். ஆட்கள் குறைவு என்பதால் நான்கில் ஒரு வீட்டை மட்டும் கேட்டால் விடை நம்பும்படி இருக்காது.

அப்படியும் விட்டுப்போகிறவர்கள் உண்டு. முன்னே சொன்ன அந்தச் சோபாவில் தூங்கியவரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அக்கா வீடு, அடுத்த வாரம் நண்பன் வீடு. எந்த வீட்டுப் படிவத்தில் அவர் பெயர் வரும்? பெரும்பாலும் எதிலும் வராது. கனடாவின் புள்ளியியல் துறைக்கு இது தெரியும். ஆகவே கணக்கெடுப்பு முடிந்ததும், பழைய கணக்கெடுப்பு, பிறப்புப் பதிவு, ஆட்புலங்களின் மருத்துவக் காப்பீட்டுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து, இவர் எண்ணப்பட்டாரா என்று தேடிப் பார்க்கிறார்கள். விட்டுப்போனவர்களின் அளவை அதிலிருந்து மதிப்பிட்டு, மொத்தத்தோடு சேர்க்கிறார்கள். 2021இல் நுனவுட்டில் எண்ணப்பட்டவர்கள் 36,858. திருத்தம் சேர்த்த மதிப்பீடு சுமார் 40,000.

ஆகவே நுனவுட்டின் மக்கள்தொகை எவ்வளவு என்று தேடும்போது 37,000ஐ ஒட்டி ஒரு எண்ணும் 40,000ஐ ஒட்டி இன்னொரு எண்ணும் கிடைத்தால் குழம்ப வேண்டாம். முதலாவது எண்ணியது. இரண்டாவது மதிப்பிட்டது. இரண்டையும் கலந்து கணக்குப் போட்டால் மட்டும்தான் தவறு.

இனி வளர்ச்சி. ஓர் இடத்தில் மக்கள் கூடவோ குறையவோ நான்கே வழிகள் உண்டு: பிறப்பு, இறப்பு, உள்ளே வருவது, வெளியே போவது. பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் இயற்கை வளர்ச்சி. வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் நிகரக் குடிபெயர்வு. இரண்டையும் கூட்டினால் மொத்த வளர்ச்சி. இந்தக் கணக்குக்கு மேல் வேறு எந்த ரகசியமும் இல்லை. ஆனால் ஓர் இடத்தின் வளர்ச்சி எந்த வழியில் வந்தது என்பதைப் பார்த்தால் அந்த இடத்தின் கதையே தெரிந்துவிடும்.

நுனவுட் வளர்வது பிறப்பால். ஒரு பெண் தம் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கருவள விகிதம் என்பார்கள். வெளியிலிருந்து யாரும் வராமலேயே ஒரு மக்கள்கூட்டம் தன் அளவைக் காத்துக்கொள்ள அது 2.1ஐ ஒட்டி இருக்க வேண்டும். 2016இல் கனடாவின் விகிதம் 1.54. நுனவுட்டில் அது 3ஐத் தொட்டு நின்றது. பிறகு அங்கேயும் குறைந்துகொண்டு வருகிறது. ஆனாலும் 2021 கணக்கெடுப்புக் காலம்வரை 2.1க்கு மேலே நின்றது கனடாவில் நுனவுட் மட்டும்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 பிறப்புகள், 200 சொச்சம் இறப்புகள். இறப்பு இவ்வளவு குறைவாக இருப்பதைப் பார்த்து மக்கள் நீண்டகாலம் வாழ்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையில் இங்கே சராசரி ஆயுள் கனடாவின் சராசரியைவிடப் பத்து ஆண்டுகள் வரை குறைவு. இறப்பு எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்குக் காரணம், வயதானவர்கள் குறைவு, குழந்தைகளும் இளைஞர்களும் அதிகம். வயதுக் கட்டமைப்பைப் பார்க்காமல் இறப்பு எண்ணை மட்டும் பார்த்தால் இப்படி ஏமாறுவோம்.

குடிபெயர்வு நுனவுட்டில் இருபக்கமும் ஓடும் நீர். செவிலியர்கள், ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் தெற்கிலிருந்து வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். நுனவுட்டிலிருந்து சிலர் படிப்புக்கும் சிகிச்சைக்கும் வீடு தேடியும் தெற்கே போகிறார்கள். ஒட்டாவாவில் இதனால் ஒரு பெரிய இனுயிட் சமூகமே இருக்கிறது. வந்ததையும் போனதையும் கழித்தால் மிஞ்சுவது சின்ன எண்தான், அதுவும் பல ஆண்டுகளில் கழித்தல் குறியோடு.

குடிபெயர்வு என்று எழுதும்போது எல்லாரும் விரும்பித்தான் போனார்கள் என்று தோன்றிவிடும். கிரைஸ் ஃபியோர்ட் ஊரே அப்படி உண்டானதில்லை. 1953இல் கனடா அரசு வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்தும் பாஃபின் தீவின் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, கிரைஸ் ஃபியோர்டிலும் ரெசொலூட்டிலும் இறக்கியது. இனுக்ஜுவாக்கிலிருந்து அது சுமார் 2,000 கிலோமீட்டர். அங்கே வேட்டை நன்றாக இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்று சொன்னது. மாதக்கணக்கில் நீளும் இருட்டும் பழக்கமில்லாத வேட்டை நிலமும் அவர்களுக்குக் காத்திருந்தன. திரும்பும் வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. 2010 ஆகஸ்டில் அரசு மன்னிப்புக் கேட்டது. வடகோடியில் கனடியர்கள் வாழ்கிறார்கள் என்று காட்டிக்கொள்வதற்காகவே தங்களை அங்கே வைத்தார்கள் என்று அந்தக் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. அட்டவணையில் அது வெறும் நிகரக் குடிபெயர்வுதான்.

நான்கு வழிகளையும் கையில் வைத்துக்கொண்டு 2021இன் எண்ணுக்குத் திரும்புவோம். 2011இல் நுனவுட்டில் 31,906 பேர். 2016இல் 35,944. ஐந்து ஆண்டில் 12.7 சதவீதம், அந்த முறை கனடாவிலேயே அதிக வேகம். 2021இல் 36,858. கூடியது 914 பேர், வெறும் 2.5 சதவீதம். தலைநகரம் இக்காலுயிட்டில் 7,740லிருந்து 7,429 ஆகக் குறைந்தே போனது. என்ன ஆயிற்று, நுனவுட்டின் வளர்ச்சி நின்றுவிட்டதா?

பிறப்பு 800, இறப்பு 200 சொச்சம் என்றால் இயற்கை வளர்ச்சி மட்டும் ஆண்டுக்கு 600ஐ ஒட்டி இருக்கும். ஐந்து ஆண்டுக்கு 3,000. ஆனால் கூடியது 914. மீதி 2,000 பேர் எங்கே? அவ்வளவு பேர் ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணாமல் விடப்பட்டிருக்க வேண்டும். கணக்கெடுப்பு நடந்த 2021 கோவிட் காலம். நுனவுட்டுக்குள் வரும் மக்கள் தெற்கில் ஒரு விடுதியில் இரண்டு வாரம் தனித்திருந்த பிறகே விமானம் ஏற முடிந்தது. இக்காலுயிட்டில் அந்த வசந்தத்தில் நோய் பரவியது. வீடு வீடாகப் போய்க் கேட்பதை நம்பி நிற்கும் ஒரு கணக்கெடுப்புக்கு இதைவிடக் கெட்ட நேரம் இருக்க முடியாது. விட்டுப்போனவர்களைச் சேர்த்த மதிப்பீட்டைப் பார்த்தால், 2016இல் 37,000ஐ ஒட்டி இருந்தது 2021இல் 40,000ஐ ஒட்டி வந்து நிற்கிறது. பிறப்புக் கணக்கோடு இது பொருந்துகிறது. எனக்கு இந்த எண்ணின் மேல்தான் நம்பிக்கை. வளர்ச்சி நிற்கவில்லை. எண்ணுவது தடுமாறியது.

பக்கத்து ஆட்புலமான யூக்கானின் கதை முற்றிலும் வேறு. அங்கே 2016இல் 35,874 பேர், 2021இல் 40,232. 12.1 சதவீத வளர்ச்சி. மாகாணங்களையும் ஆட்புலங்களையும் சேர்த்து அந்த முறை கனடாவில் முதலிடம். ஆனால் இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு வந்து குடியேறியவர்களால். வந்தவர்களால் வளரும் இடம், அவர்கள் போனால் சுருங்கவும் செய்யும். யூக்கானுக்கு இது பழைய பாடம். 1896 ஆகஸ்டில் குளோண்டைக் ஆற்றின் ஒரு கிளையோடையில் தங்கம் கிடைத்தது. உலகெங்கிலுமிருந்து ஆட்கள் அலை அலையாக வந்தார்கள். 1901 கணக்கெடுப்பில் யூக்கானில் 27,219 பேர். தங்கம் குறைந்தது, ஆட்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். 1911இல் 8,512. 1921இல் 4,157. 1942இல் அலாஸ்கா நெடுஞ்சாலை வந்த பிறகுதான் மெல்ல ஏறத் தொடங்கியது. 1901இன் எண்ணை யூக்கான் மறுபடி தாண்டியது எப்போது தெரியுமா? 1991இல், தொண்ணூறு ஆண்டுகள் கழித்து. அதற்கு அப்புறமும் 1998இல் ஃபேரோ சுரங்கம் மூடியபோது, 1996இல் 30,766 ஆக இருந்த மக்கள்தொகை 2001இல் 28,674க்கு இறங்கியது.

மூன்றாவது, வடமேற்கு ஆட்புலம், 2016க்கும் 2021க்கும் இடையில் 41,786லிருந்து 41,070க்குக் குறைந்தது. பிறப்பு இறப்பைவிட அதிகம்தான். ஆனால் வெளியேறியவர்கள் அந்த மிச்சத்தையும் விழுங்கிவிட்டார்கள். மூன்று ஆட்புலங்களின் மக்கள்தொகையும் ஒன்றையொன்று ஒட்டிய அளவு, மூன்றும் குளிர்தேசம், வளரும் விதம் மட்டும் மூன்று.

சதவீதத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 12.1 என்று படித்தால் அது ஓர் ஆண்டுக்கா, ஐந்து ஆண்டுக்கா என்று முதலில் கேளுங்கள். யூக்கானின் 12.1ஐ ஆண்டுக்கணக்கில் பிரித்தால் 2.3. ஆண்டு வளர்ச்சி தெரிந்தால் மக்கள்தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்: 70ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும். 2001இல் நுனவுட்டில் 26,745 பேர், 2021இல் 36,858. இருபது ஆண்டின் சராசரி ஆண்டுக்கு 1.6. எழுபதை 1.6ஆல் வகுத்தால் 44 ஆண்டு. ஒரு நல்ல ஆண்டையோ ஒரு கெட்ட ஆண்டையோ பிடித்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடக் கூடாது. சிறிய இடங்களில் இருபது ஆண்டுச் சராசரிதான் கொஞ்சமாவது நிற்கும்.

கருவள விகிதம் குறைந்துகொண்டே வந்தால் வளர்ச்சியும் உடனே குறையாதா? உடனே குறையாது. நுனவுட்டின் நடுவயது 25ஐ ஒட்டி இருக்கிறது, அதாவது மக்களில் பாதிப்பேர் அந்த வயதுக்குக் கீழே. கனடா முழுமைக்கும் அது 41ஐத் தாண்டிவிட்டது. நுனவுட்டில் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறார்கள். இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தம் அம்மாவைவிடக் குறைவாகப் பெற்றாலும், பெறும் வயதுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதால் மொத்தப் பிறப்பு பல ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடிக்கும். ஓடும் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் கொஞ்ச தூரம் உருளுமே, அதுபோல. இதை மக்கள்தொகை உந்தம் என்பார்கள்.

எண்ணுவதில் இவ்வளவு கவனம் எதற்கு என்றால், நுனவுட் அரசு செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசிடமிருந்து வருகிறது. அந்தத் தொகையை ஆண்டுதோறும் கூட்டும் சூத்திரத்தில் மக்கள்தொகை வளர்ச்சியும் ஓர் உறுப்பு. எண்ணாமல் விடப்பட்ட ஒருவர், பள்ளி வகுப்பறைக்கும் செவிலியர் பணியிடத்துக்கும் உரிய கணக்கிலும் இல்லாமல் போகக்கூடும். கிரைஸ் ஃபியோர்டு போன்ற ஊரில் அப்படி நான்கு பேர் விட்டுப்போனால் அது ஒரு முழுக் குடும்பம்.

2022இல் நுனவுட் அரசு, 2030க்குள் 3,000 வீடுகள் என்ற திட்டத்தை அறிவித்தது. மக்கள்தொகை 40,000 உள்ள இடத்தில் அது பெரிய எண். ஆனால் 2021இல் பத்து வயதாக இருந்த ஒரு பெண்பிள்ளை 2030இல் பத்தொன்பதைத் தொடுவாள். அதே கூடத்தில், அதே சோபாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள், தனக்கென ஒரு கதவைத் தேடத் தொடங்கும் வயது அது. அவளோடு அவள் வகுப்பு முழுவதும் அதையே தேடும். அவர்களுக்கான மரமும் ஆணியும் ஏறிய கப்பல்கள் ஒவ்வொரு கோடையிலும் கடல்பனி விலகக் காத்திருந்து வடக்கே போகின்றன.